மைனஸ் ஏழு என்றால் மைனஸ் ஏழா? ஸ்லீப்பிங் பாக் வாங்க முதல் பார்க்க வேண்டியவை

ஒன்ராறியோ பார்க்ஸில் இடம் பிடிக்கிறதெல்லாம் இப்ப அஞ்சு மாதத்துக்கு முதலே நடக்கிற வேலை. காலமை ஏழு மணிக்கு எழும்பி, கம்ப்யூட்டருக்கு முன்னால இருந்து, மே மாத நீண்ட வார இறுதிக்கு அல்கொன்குயினில் ஒரு இடம் பிடிச்சிட்டீங்கள் என்றால் வாழ்த்துக்கள். ரென்றும் வாங்கியாச்சு. மிச்சம் இருக்கிறது படுக்கை. அதைத்தான் பெரும்பாலும் கடைசிக் கிழமையில, கடையில என்ன கிடக்குதோ அதை எடுத்துக்கொண்டு வருவம்.

வெள்ளைக்காரப் பிள்ளைகளோட படிச்ச எங்களுக்கு காம்பிங் என்ற சொல் தெரியும். ஆனா அந்த அறிவு எங்கட வீடுகளில் வழிவழியா வந்தது இல்லை. அம்மா அப்பா ரெண்டு வேலை செய்த காலத்தில் யார் காட்டுக்குப் போய்ப் படுத்தது? அதனால ஒரு தகப்பனுக்கு அவற்றை தகப்பன் சொல்லிக் குடுக்கிற சின்னச் சின்ன விசயங்கள் எங்களுக்குக் கிடைக்கேல்லை. அதில முக்கியமான ஒன்று குளிர் இரவில் எப்படிப் படுக்கிறது என்பது. ஒரு இரவு பிள்ளை நடுங்கி அழுதால் அந்தக் குடும்பம் பிறகு பத்து வருசத்துக்கு காம்பிங் பக்கம் தலை வைச்சும் படுக்காது. அதைவிட, கூடாரத்துக்குள் குளிர் உண்மையிலேயே ஆபத்தான விசயம். அதனால இந்த மாதம் முழுக்க இதைப் பற்றித்தான்.

பையில் எழுதியிருக்கிற எண்

ஒரு ஸ்லீப்பிங் பாக்கில் பெரிசா மைனஸ் 7 என்று போட்டிருக்கும். நாங்கள் நினைக்கிறது, வெளியில மைனஸ் 7 பாகை வரைக்கும் இதுக்குள்ள சுகமா நித்திரை கொள்ளலாம் என்று. அந்த எண்ணின் அர்த்தம் பெரும்பாலும் அது இல்லை.

எங்கட வேலையில ஒரு எண்ணைக் காட்டினால் முதல் கேள்வி, இது எந்த நிலைமையில் அளந்தது என்பதுதான். இங்கேயும் அதே கேள்வியைக் கேளுங்கோ. ஸ்லீப்பிங் பாக்குகளை அளக்க ஒரு சர்வதேச முறை இருக்கு. பெயர் ஐஎஸ்ஓ 23537. அதுக்கு முதல் ஐரோப்பாவில் ஈஎன் 13537 என்று இருந்தது. ஆய்வுகூடத்தில் ஒரு குளிர் அறை. அதுக்குள் சூடேற்றின பொம்மை மனிதன் ஒருவர். அவருக்கு நீளக் கை, நீளக் கால் உள்ளுடுப்பு. கீழே ஒரு பாய். அந்தப் பொம்மையில் இருந்து எவ்வளவு வெப்பம் வெளியே போகுது என்று அளந்து மூன்று எண்களைக் கணக்கிடுவார்கள்.

முதலாவது, கம்ஃபர்ட். ஒரு சராசரிப் பெண் நிமிர்ந்து, கை கால் நீட்டி, குளிர் தெரியாமல் படுக்கக்கூடிய வெப்பநிலை.

இரண்டாவது, லிமிட். ஒரு சராசரி ஆண் உடம்பைக் குறுக்கிச் சுருண்டு படுத்தால் குளிராமல் தப்பக்கூடிய வெப்பநிலை. சுருண்டு படுத்தால் என்பதைக் கவனிங்கோ.

மூன்றாவது, எக்ஸ்ட்ரீம். இதில் நித்திரை என்ற கதையே இல்லை. கடுமையாகக் குளிரும், உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடிய எல்லை. இந்த எண்ணை வைச்சு ஒருக்காலும் வாங்க வேண்டாம்.

பையின் பெயரில் வருகிற எண் பெரும்பாலும் லிமிட். கம்ஃபர்ட் எண் அதைவிட அஞ்சு, ஆறு பாகை மேலே இருக்கும். மைனஸ் 7 என்று பெயர் வைச்ச பை பல பேருக்கு மைனஸ் 1, பூச்சியம் வரைக்கும்தான் சுகம். பையின் உள்பக்கத் துண்டில் அல்லது கடையின் விபரப் பக்கத்தில் கம்ஃபர்ட் எண்ணைத் தேடிப் பாருங்கோ. ஐஎஸ்ஓ, ஈஎன் என்ற பெயர் எங்கேயும் இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால், அது கம்பனி தன்ரை பாட்டில் போட்ட எண். அதை இன்னும் கொஞ்சம் குறைச்சே நம்பலாம்.

இன்னொரு பொறியும் இருக்கு. அமெரிக்கத் தயாரிப்புகளில் எண் ஃபாரன்ஹைட்டில் வரும். பையில் 20 என்று இருந்தால் அது மைனஸ் 7 செல்சியஸ். 30 என்றால் மைனஸ் 1. 40 என்றால் 4 பாகை. பஃபலோவுக்குப் போய் மலிவாக வாங்கி வருகிற ஆட்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேணும். 40 என்ற எண்ணைக் கண்டிட்டு, கூடின எண், கூடின சூடு என்று எடுத்துக்கொண்டு வந்தால் கோடைக்கு மட்டும்தான் உதவும்.

எந்த எண்ணைத் தேட வேணும்

ரொறன்ரோ, மார்க்கம், ஸ்காபரோவில் இரவு 10 பாகை என்றால் அல்கொன்குயினில் அதைவிடப் பல பாகை குறைவாக இருக்கும். நகரத்தின் சூடும் ஒன்ராறியோ ஏரியும் எங்களைக் காப்பாற்றுது. அங்கே அது ரெண்டும் இல்லை, இடமும் உயரம். மே நடுவில் அங்கே இரவு பூச்சியத்துக்குக் கிட்டப் போறது சாதாரணம். செப்ரெம்பரில் இலை நிறம் மாறுறதைப் பார்க்கப் போறவர்களும் காலமை புல்லில் உறைபனியைக் காணலாம்.

நான் போடுகிற கணக்கு இது. நீங்கள் போகிற இடத்துக்குக் கிட்டடி ஊரின் இரவுக் குறைந்த வெப்பநிலையைப் பாருங்கோ. அதில் இருந்து 4 பாகை கழியுங்கோ, ஏனென்றால் ஏரிக்கரையும் பள்ளமும் இன்னும் குளிரும். வருகிற எண்தான் உங்களுக்குத் தேவையான கம்ஃபர்ட் எண். 4 பாகை என்று சொன்னால் பூச்சியம் கம்ஃபர்ட் உள்ள பை. பிள்ளைகளுக்கும் வயது போனவர்களுக்கும் இன்னும் 5 கழியுங்கோ.

யூலை, ஓகஸ்ற் மாதம் மட்டும் சாண்ட்பாங்க்ஸ், பினறி மாதிரித் தெற்கு இடங்களுக்குப் போகிற ஆட்களுக்கு 5 பாகை கம்ஃபர்ட் உள்ள பை தாராளம். மேயிலும் செப்ரெம்பரிலும் போக நினைக்கிறவர்கள் மைனஸ் 5 கம்ஃபர்ட் ஒன்றை வாங்கினால் ரெண்டு காலத்துக்கும் பாவிக்கலாம். சூடு கூடினால் சிப்பைத் திறந்து போர்வையாகப் போர்க்கலாம். சூடு காணாத பையைச் சூடாக்கிறது அவ்வளவு சுலபம் இல்லை.

இறகா, செயற்கைப் பஞ்சா

பைக்குள் இருக்கிறது ரெண்டு வகை. வாத்து, தாரா இறகின் மெல்லிய அடிப்பூ ஒன்று. பொலியெஸ்ரர் பஞ்சு மற்றது. சூட்டைத் தருகிறது இந்தப் பஞ்சு இல்லை. பஞ்சுக்குள் அசையாமல் நிற்கிற காற்றுத்தான். அதனால பை எவ்வளவு உப்பி நிற்குதோ அவ்வளவு சூடு.

இறகு பாரம் குறைவு, சின்னதாக மடங்கும், ஒழுங்காகப் பார்த்தால் கனகாலம் நிற்கும். 600, 700, 800 என்று ஃபில் பவர் எண் போட்டிருக்கும். ஒரு அவுன்ஸ் இறகு எத்தனை கன அங்குலம் உப்புது என்ற கணக்கு அது. ஆனா 800 என்ற எண் பையின் சூட்டைச் சொல்லாது. எவ்வளவு இறகு போட்டிருக்கு என்பதையும் பார்க்க வேணும். இறகின் பலவீனம் தண்ணி. நனைஞ்சால் படிஞ்சு போய்ச் சூடு இல்லாமல் போயிரும். காய நாள் எடுக்கும்.

செயற்கைப் பஞ்சு பாரம் கூட, இடமும் கூட எடுக்கும். ஆனா ஈரம் பட்டாலும் ஓரளவு சூடு தரும், கெதியாகக் காயும், வீட்டு மெசினில் துவைக்கலாம், விலையும் குறைவு. எங்களில் முக்கால்வாசிப் பேர் காரைப் பக்கத்தில நிப்பாட்டிவிட்டு ரென்ற் அடிக்கிற ஆட்கள். தோளில் சுமந்து நடக்கப் போறதில்லை. சின்னப் பிள்ளைகள் தண்ணி ஊற்றுவார்கள், சிலவேளை படுக்கையும் நனைப்பார்கள். அப்படியான குடும்பத்துக்குச் செயற்கைப் பஞ்சு போதும். மிச்சக் காசைக் கீழே போடுகிற பாயில் போடுங்கோ.

கீழே போடுகிற பாய்

ஸ்லீப்பிங் பாட் என்கிறார்கள். நான் பாய் என்றே சொல்றன். குளிருகிற ஆட்களில் கனபேருக்குக் குளிர் மேலால வாறதில்லை, கீழால வருது. நாங்கள் படுத்த உடனே எங்கட பாரத்தில் பையின் அடிப்பக்கம் நசிஞ்சு போகும். காற்று இல்லை, அதனால சூடும் இல்லை. நிலம் இரவு முழுக்க எங்கட வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நல்ல விலைகூடின பையை வாங்கி வெறும் நிலத்தில் படுத்தால் அந்தக் காசின் பாதி வீண்.

பாய்க்கும் ஒரு எண் இருக்கு, ஆர்-வேல்யூ. வீட்டுச் சுவருக்குப் போடுகிற இன்சுலேஷனில் பார்க்கிற அதே எண்தான். 2020இல் இருந்து பல கம்பனிகள் ஒரே பொது முறையில் அளந்து போடுகிறபடியால் ஒன்றோடொன்றை ஒப்பிடலாம். கோடைக்கு 1, 2 காணும். மே, செப்ரெம்பருக்கு 3, 4 வேணும். இரண்டு பாயை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். 2 உள்ள மடிக்கிற ஃபோம் பாயும் அதுக்கு மேல 2 உள்ள இன்னொன்றும் போட்டால் 4.

எங்கட வீடுகளில் விருந்தினர் வந்தால் ஊதிப் போடுகிற பெரிய காற்று மெத்தை இருக்குமே, அதைத்தான் பல பேர் காட்டுக்கும் கொண்டு போவார்கள். உள்ளே பஞ்சு எதுவும் இல்லாத அந்த மெத்தைக்குள் காற்று சுழன்றுகொண்டே இருக்கும். நிலத்தின் குளிரை அப்படியே முதுகுக்குக் கொண்டு வரும். கொண்டு போறதென்றால் அதுக்கு மேல ஃபோம் பாய் விரிச்சு அதுக்கு மேல படுங்கோ. மடக்குக் கட்டிலுக்கும் இதே கதைதான். கட்டிலுக்குக் கீழால காற்று போகும், அதனால கட்டிலுக்கு மேலயும் பாய் வேணும்.

அம்மா வீட்டில் அலுமாரிக்குள் கிடக்கிற, பெரிய பூப்போட்ட தடிச்ச போர்வையை மறக்க வேண்டாம். காரில் போறதென்றால் அதைக் கட்டாயம் ஏற்றுங்கோ. செயற்கைப் பஞ்சுப் பைக்கு மேல போர்த்தால் நல்ல உதவி. ஆனா பாய் இல்லாமல் போர்வையை மட்டும் நம்ப வேண்டாம்.

பிள்ளைகளுக்கு

முன்னுக்குச் சொன்ன அந்த அளவு முறை பெரியவர்களுக்கு மட்டும். சிறுவர் பைகள் அதுக்குள் அடங்காது. பொம்மை மனிதன் வளர்ந்த ஆளின் அளவு. அதனால சின்னப் பையில் கம்பனி போடுகிற எண்ணைத் தாராளமாகக் கழிச்சே பார்க்க வேணும். உடம்பின் பாரத்தோட பார்த்தால் பிள்ளைக்குத் தோலின் பரப்புக் கூட. அதனால எங்களைவிடக் கெதியாக வெப்பத்தை இழப்பார்கள்.

வளரும்தானே என்று பெரியவர்களின் பையை அஞ்சு வயதுப் பிள்ளைக்கு வாங்கிறது எங்கட பழக்கம். சப்பாத்து வாங்கிறதும் அப்படித்தான். பையில் அது சரிவராது. காலுக்குக் கீழே மிஞ்சுகிற வெற்றிடத்தைப் பிள்ளையின் உடம்புதான் சூடாக்க வேணும். பெரிய பைதான் இருக்கு என்றால், மிஞ்சுகிற அடிப்பகுதியைக் கயிற்றால் கட்டி, கீழே மடிச்சு விடுங்கோ. நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற சிறுவர் பைகளும் விற்கிறார்கள். அவை கொஞ்ச வருசத்துக்கு நிற்கும்.

ஒரு வயதுக்குக் குறைஞ்ச குழந்தையை ஸ்லீப்பிங் பாக்கில் போடவே கூடாது. முகம் உள்ளுக்குப் போனால் மூச்சு அடைக்கும். பெரியவர்களின் பைக்குள் குழந்தையைச் சேர்த்து வைச்சுப் படுக்கிறதும் அதே ஆபத்து. வீட்டில் போல, சமமான இறுக்கமான படுக்கையில், தளர்ந்த போர்வை எதுவும் இல்லாமல், உடுப்புப் போல போடுகிற குழந்தைப் பையோடு நிமிர்த்திப் படுக்க வைக்க வேணும். அதால சூடு காணாத குளிர் என்றால் அந்த வருசம் யூலை மட்டும் பாருங்கோ. இல்லையென்றால் அல்கொன்குயினில் மியூ லேக்கில் இருக்கிற மாதிரி, உள்ளே மின்சாரச் சூடு உள்ள யேர்ட் ஒன்றை எடுங்கோ.

படுக்க முதல் செய்ய வேண்டியவை:

பகல் முழுக்கப் போட்ட உடுப்பை மாற்றுங்கோ. வேர்வை பட்ட பருத்தி உடுப்பு இரவில் ஈரத் துணி. காய்ஞ்ச கம்பளி அல்லது பொலியெஸ்ரர் உள்ளுடுப்பு, புதுச் சொக்ஸ், தலைக்கு டூக்.

பைக்கு வெளியால முகம் இருக்க வேணும். குளிர் என்று தலையை உள்ளுக்கு விட்டு மூச்சு விட்டால் பைக்குள் ஈரம் சேரும்.

படுக்க முதல் கொஞ்சம் சாப்பிடக் குடுங்கோ, சூடாக ஒரு மைலோவும் சரி. சாப்பாட்டை ரென்றுக்கு வெளியிலதான் வைச்சுக் குடுக்க வேணும். மிச்சமெல்லாம் காருக்குள்ள, கரடி இருக்கிற இடம்.

கட்டாயம் ஒருக்கால் பாத்ரூம். நடுச்சாமத்தில் பிள்ளை எழும்பாமல் அடக்கிக்கொண்டு குளிரில் கிடக்கும்.

இறுக்கி மூடக்கூடிய போத்திலில் சுடுதண்ணி விட்டு, சொக்ஸ் ஒன்றுக்குள் போட்டு, காலடியில் வையுங்கோ. கொதிதண்ணி வேண்டாம். ஒழுகுதோ என்று தலைகீழாகப் பிடிச்சுப் பாருங்கோ.

ரென்றுக்குள் நெருப்பு வேண்டாம்

இதை யாரும் பாய்ந்து வாசிக்க வேண்டாம். எவ்வளவு குளிர் என்றாலும் காஸ் அடுப்பு, புரோபேன் ஹீற்றர், பார்பிக்யூ, தணல் இருக்கிற கரிச்சட்டி, எதையும் ரென்றுக்குள் கொண்டு போகக்கூடாது. நெருப்பு அணைஞ்ச மாதிரித் தெரிகிற கரியும் காபன் மொனொக்சைட்டை விட்டுக்கொண்டே இருக்கும். அதுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தலையிடி, சத்தி, தூக்கம். தூங்கினவர் எழும்ப மாட்டார். ஒரு பக்கத்துச் சிப்பைத் திறந்து விட்டால் காணும் என்று நினைக்க வேண்டாம். கார் இஞ்சினை ஓட விட்டு உள்ளே நித்திரை கொள்கிறதும் வேண்டாம்.

பிள்ளை நடுங்கினால் காய்ஞ்ச உடுப்பு, தொப்பி, சூடான குடிபானம், உங்களோட ஒட்டி வைச்சுக்கொள்வது. நடுங்கிறது நின்று, சோர்ந்து, கதை குழறி, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டால், அது சூடாகிட்டுது என்ற அர்த்தம் இல்லை. உடனே 911. சிக்னல் இல்லாத இடம் என்றால் பார்க் அலுவலகம் எங்கே என்று பகலிலேயே பார்த்து வையுங்கோ. சும்மா குளிருது, ஒருத்தரும் நித்திரை இல்லை என்றாலும் சாமம் 2 மணிக்குச் சாமானைக் காரில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வாறதில் ஒரு வெட்கமும் இல்லை.

அம்மம்மாவும் வாறா என்றால்

மூன்று தலைமுறையும் சேர்ந்து போகிற குடும்பங்கள் எங்களில் கன. வயது போனவர்களின் உடம்பு உருவாக்கிற சூடு குறைவு. முகம் மட்டும் தெரிகிற ஒடுக்கமான மம்மி பை சூடு கூட என்றாலும், மூட்டு வருத்தம் உள்ளவர் அதுக்குள் இருந்து இரவில் எழும்ப ஏலாது. கைவிரலால் சிப்பை இழுக்கவும் கஷ்டம். அவைக்கு அகலமான நீள்சதுரப் பை, உயரமான மடக்குக் கட்டில், அதுக்கு மேல நல்ல பாய், மேலால அந்தப் பூப்போட்ட போர்வை. கைக்கெட்டுகிற தூரத்தில் ஒரு ரோச்.

இதில பை வாங்கிறதைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கு. காம்பிங்குக்குத் தமிழில் சொல் தேடினால் முகாம் என்றுதான் வருது. “காசு குடுத்து ஏன் பிள்ளை முகாமில போய்ப் படுக்கிறியள்?” என்று எங்கட வீடுகளில் கேட்கிற கேள்வி வெறும் பகிடி இல்லை. 1995இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள், 2009இல் மெனிக் பாமில் இருந்தவர்கள் எங்கட வீடுகளில் இருக்கிறார்கள். அவைக்குக் கூடாரம் விடுமுறை இல்லை. மழைச் சத்தம் கூடாரத்துணியில் கேட்கிறதே காணும்.

அதனால கூப்பிட முதல் கேளுங்கோ. வரேல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். ஏன் என்று பிள்ளைகளுக்கு அவையே சொல்ல விரும்பினால் சொல்லட்டும். வாறன் என்றால் அந்த இரவில் அவைக்கு உண்மையிலேயே சூடான, காய்ஞ்ச, நிலத்தில் இருந்து உயர்ந்த படுக்கை இருக்க வேணும். மிஞ்சின பையை அவைக்குத் தள்ளாமல், வீட்டில் இருக்கிற ஆகச் சிறந்த பையை அவைக்குக் குடுங்கோ. பகலுக்கு மட்டும் வந்து ஏரிக்கரையில் இருந்திட்டு, இரவில் கிட்டடி மோட்டலில் படுக்கிறதும் நல்ல ஏற்பாடுதான்.

வாங்கின பிறகு

ரசீதைப் பத்திரப்படுத்தி, ஏப்ரல் கடைசியில் ஒரு இரவு வீட்டுப் பின்வளவில் ரென்ற் அடிச்சு எல்லாரும் படுத்துப் பாருங்கோ. யாருக்கு எங்கே குளிருது என்று காலமை தெரியும்: முதுகென்றால் பாய், கால் என்றால் பை பெரிசு, தோள் என்றால் கழுத்துப் பக்கம் காற்று போகுது. வளவு இல்லாத அடுக்குமாடி ஆட்கள் யன்னலைத் திறந்து வைச்சு வெறும் நிலத்தில் பாயோடு படுத்துப் பார்த்தாலும் பாதி விசயம் விளங்கும். தனியப் பழகப் பயம் என்றால் பார்க்ஸ் கனடா லேர்ன் டு காம்ப் என்று புதிதாகத் தொடங்கும் குடும்பங்களுக்கு நிகழ்ச்சிகள் வைச்சிருக்கிறது. அதில சேர்ந்து ஒரு தரம் போகலாம்.

வீட்டுக்கு வந்ததும் பையைச் சின்ன உறைக்குள் அமத்தி நிலவறையில் எறிய வேண்டாம். மாதக்கணக்காக நசிஞ்சு கிடந்தால் பஞ்சு திரும்ப உப்பாது. நல்லாக் காய விட்டு, அலுமாரியில் தொங்க விடுங்கோ, அல்லது பெரிய தலையணை உறைக்குள் தளர்வாக வையுங்கோ. துவைக்கிறதென்றால் முன்பக்கம் திறக்கிற மெசின், குறைஞ்ச சூட்டில் ட்ரையர். இறகுப் பை என்றால் ட்ரையருக்குள் ரெண்டு மூன்று டென்னிஸ் பந்தையும் போடுங்கோ, கட்டிபட்ட இறகு பிரியும்.

அடுத்த மாதம் சாப்பாட்டுப் பெட்டி: கரடி வராமல் எங்கே வைக்கிறது, ஒற்றை அடுப்பில் எட்டுப் பேருக்கு எப்படிச் சமைக்கிறது என்று பார்ப்பம்.